பணிநாய்க் குட்டியும் வீட்டு நாய்களும்: ஒரு வரலாற்று நோக்கு

மனிதன் முதன்முதலாகப் பழக்கிய விலங்கு நாயே என்பது இன்று பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட முடிபாகும். ஆயின், நாயைப் பழக்கியமை வேறு. பழக்கிய நாயை ஒரு தொழிலுக்கு உரியதாக ஆக்கிக்கொண்டமை வேறு. முன்னையது பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நிகழ்ந்து முடிந்தது. பின்னையதோ ஒவ்வொரு குட்டியுடனும் புதிதாகத் தொடங்கப்பட வேண்டியது. மந்தை காத்தற்கும், வேட்டையாடுதற்கும், பார்வையிழந்தோருக்கு வழிகாட்டுதற்கும் வளர்க்கப்படும் நாய்களைப் பணிநாய்கள் எனலாம். அத்தகைய குட்டியொன்று ஒரு வீட்டுக்கு வந்து சேரும்போது, அதனை வளர்ப்போர் முதல் நாளிலேயே விடைகாண வேண்டிய வினா ஒன்றுண்டு. வீட்டில் ஏற்கெனவே உள்ள நாய்களோடு அதனை விளையாட விடலாமா, விடலாகாதா என்பதே அது.

வினா மிகச் சிறியதாகத் தோன்றலாம். ஆனால், இதற்குத் தவறான விடை கண்டவர்கள் அதற்குப் பெருவிலை கொடுத்துள்ளனர். மந்தையைக் காக்க வேண்டிய நாய் மந்தையைக் கைவிட்டு ஓடியிருக்கின்றது. வழிகாட்டியாக வேண்டிய நாய் வீதியின் ஓசைக்கு நடுங்கி நின்றிருக்கின்றது. இரண்டாயிரம் ஆண்டுக் காலப் பதிவுகளைப் புரட்டின், இவ்வினாவுக்கு ஒன்றுக்கொன்று முரணான விடைகள் கூறப்பட்டிருத்தலைக் காணலாம். ஒருசாரார் குட்டியைப் பிற நாய்களின் வாடையே படாது வளர்த்தனர். மற்றொருசாரார் குட்டியை நாய்கள் நிறைந்த வீடுகளுக்கு வலிந்து அனுப்பினர். இம்முரண்பாட்டின் காரணம் யாது, அதற்குள் ஓர் ஒழுங்கு உண்டா என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இப்பொருள் பற்றிய தெளிவான பழைய பதிவுகள் உரோமரின் வேளாண்மை நூல்களிற் கிடைக்கின்றன. கி.மு. 37 அளவில் வேளாண்மை பற்றிய தமது நூலை எழுதிய வாரோ, மந்தை நாய்களுக்கென அதில் ஒரு பகுதியை ஒதுக்கியுள்ளார். குட்டிகளை முதல் இரண்டு மாதங்கள் தாயிடமிருந்து முற்றாகப் பிரிக்காது, சிறிது சிறிதாகவே பால் மறக்கச் செய்தல் வேண்டும் என்பது அவர் கூற்று. குட்டிகள் பலவற்றை ஓரிடத்திற் சேர்த்து ஒன்றோடொன்று பொருதுமாறு தூண்டிவிடுவர் என்றும், அதனால் அவை ஊக்கம் மிகுந்தனவாகும் என்றும், ஆயினும் களைத்துச் சோர்ந்துபோக விடமாட்டார் என்றும் அவர் குறிப்பிடுகின்றார். விளையாட்டுச் சண்டையின் பயனையும் அதன் எல்லையையும் ஒருங்கே உணர்த்தும் குறிப்பு இது. விளையாட்டை வளர்ப்போர் தடுக்கவுமில்லை, தன்போக்கில் விட்டுவிடவுமில்லை.

அதனினும் சுவையானது அதே நூலிற் காணப்படும் மற்றொரு செய்தி. வேட்டைக்காரரிடமிருந்தோ இறைச்சி விற்போரிடமிருந்தோ மந்தை நாயை வாங்கலாகாது என்று வாரோ எச்சரிக்கின்றார். மேய்ப்பரிடமிருந்து, ஆட்டைத் தொடர்ந்து பழகிய நாயை வாங்குதல் வேண்டும். இயலாதாயின் எப்பழக்கமும் ஏற்படாத நாயையேனும் தேடுதல் வேண்டும். நாய் எதற்கும் எளிதிற் பழகும். ஆனால் ஆடுகள் மீது கொள்ளும் பற்றைக் காட்டிலும் மேய்ப்பர் மீது அது கொள்ளும் பற்றே வலியது என்பது அவர் கருத்து. இதற்குச் சான்றாக அவர் காட்டுவது ஒரு வணிகக் கதை. அம்பிரியாப் பகுதியிலே ஒருவர் மந்தைகளை விலைக்கு வாங்கினார். நாய்கள் விற்பனையில் அடங்கின, மேய்ப்பர் அடங்கவில்லை. மேய்ப்பர் மந்தையைத் தென்னித்தாலியிற் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்பினர். சில நாள்களுக்குள் நாய்களும் புதிய உடைமையாளனையும் மந்தையையும் விட்டு, பலநாள் வழிநடந்து, தம் மேய்ப்பரிடமே மீண்டன. விலைபேசி வாங்கியவருக்கு எஞ்சியவை காவலற்ற ஆடுகளே. நாய் யாரைத் தன் இனமாகக் கொள்கின்றதோ அவரிடமே அது நிற்கும் என்னும் உண்மையை இக்கதை உணர்த்துகின்றது.

வாரோவுக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின் எழுதிய கொலுமெல்லா, மந்தை நாய் வேறு, மனைக்காவல் நாய் வேறு எனத் தெளிவாகப் பகுத்தார். மந்தை நாய் வெண்ணிறமாக இருத்தல் நன்று. இருளில் ஓநாய் என்று மயங்கி மேய்ப்பன் அதனைத் தாக்கமாட்டான். மனைக்காவல் நாய் கருநிறமாக இருத்தல் நன்று. பகலிற் கள்வனுக்கு அச்சந் தரும், இரவில் அவன் கண்ணுக்குப் புலனாகாது. குட்டிகளைப் பொறுத்தவரை அவர் வகுத்த விதி இங்கு மிகவும் மனங்கொள்ளத்தக்கது. உடல் உறுதிபெறும்வரை, முதல் ஆறு மாதங்களுக்கு அவற்றை வெளியே விடலாகாது. ஆனால் தாயோடு விளையாடிக் களிப்பதற்கு மட்டும் விடலாம். அதன்பின் பகலிற் சங்கிலியிற் கட்டி, இரவில் அவிழ்த்துவிடுதல் வேண்டும். அடைத்து வளர்க்கும் முறையை விரித்துரைத்த ஆசிரியரே விளையாட்டுக்கென ஒரு விலக்கும் வகுத்தார் என்பது நோக்கற்பாலது. முற்றான தனிமை குட்டிக்கு ஏற்றதன்று என்பதை உரோம மனைக்காரர் அனுபவத்தால் அறிந்திருந்தனர் என்றே இதிலிருந்து ஊகிக்கலாம்.

இவ்விரு நூல்களிலும் கூறப்பட்டவற்றுக்கு நேர் எதிரானதோர் ஏற்பாட்டைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தென்னமெரிக்கப் புல்வெளிகளிற் காண்கின்றோம். அதனைப் பதிவுசெய்தவர் சார்ள்ஸ் டார்வின். 1833 நவம்பரில், இன்றைய உருகுவே நாட்டில் ஒரு பண்ணையிலே தங்கியிருந்தபோது, மனிதரோ வீடோ கண்ணுக்கெட்டாத வெளியிற் பெரும் ஆட்டுமந்தையை ஓரிரு நாய்கள் மட்டுமே காத்து நிற்பதை அவர் கண்டார். அத்தகைய உறவு எங்ஙனம் உண்டாயிற்று என்று வினவி அறிந்த செய்திகளை, 1839 இல் வெளிவந்த தமது பயணக் குறிப்பேட்டில் விரிவாக எழுதியுள்ளார்.

குட்டி மிக இளமையிலேயே தாயிடமிருந்து பிரிக்கப்படும். நாளொன்றுக்கு மூன்று நான்கு முறை பெண்ணாடு ஒன்றைப் பிடித்துநிறுத்தி அதனிடம் பாலூட்டுவர். ஆட்டுப்பட்டியினுள்ளே ஆட்டுமயிராற் படுக்கை அமைத்து அதிற் கிடத்துவர். பிற நாய்களோடு பழகவோ, வீட்டுக் குழந்தைகளோடு சேரவோ அதற்கு ஒருபோதும் இடமளிக்கப்படுவதில்லை. பெரும்பாலும் விதையடித்தும் விடுவர். இங்ஙனம் வளர்ந்த நாய்க்குத் தன் இனத்தாரோடு பொதுவான உணர்ச்சி எதுவும் எஞ்சியிருத்தல் அரிது. மந்தையை விட்டு நீங்க அது விரும்புவதில்லை. மற்றைய நாய்கள் தம் எசமானைக் காப்பது போலவே அது ஆடுகளைக் காக்கின்றது.

இதனைத் தொடர்ந்து டார்வின் தரும் ஒரு காட்சி இக்கட்டுரைப் பொருளின் உட்கருவைத் தொடுகின்றது. மந்தை நாய் நாள்தோறும் இறைச்சிக்காகப் பண்ணை வீட்டுக்கு வரும். இறைச்சி கிடைத்ததும், தன் செயலுக்குத் தானே நாணியது போல மெல்ல நழுவிச் செல்லும். அவ்வேளையில் வீட்டு நாய்கள் அதன்மீது கொடுங்கோன்மை செலுத்தும். அவற்றுள் மிகச் சிறியதும் இந்த அந்நியனைத் தாக்கித் துரத்தத் தயங்குவதில்லை. ஆனால் மந்தையை அடைந்த மறுகணமே அந்நாய் திரும்பி நின்று குரைக்கத் தொடங்கும். உடனே வீட்டு நாய்கள் அனைத்தும் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிடும். ஒரே நாய் வீட்டு முற்றத்தில் ஏதிலியாகவும் மந்தை நடுவே தலைவனாகவும் விளங்குகின்றது. ஆடுகளோடு சேர்ந்து நிற்கையில் தனக்குப் பின்னே ஒரு கூட்டம் உண்டென்னும் உணர்வை அது பெறுகின்றது என்பதே டார்வின் தரும் விளக்கத்தின் சாரமாகும். அந்நாய் தன் கூட்டத்தை இழக்கவில்லை. வேறொரு கூட்டத்தைப் பெற்றுக்கொண்டது.

உருகுவே மேய்ப்பரின் முறையைப் படிப்போர், வீட்டு நாய்களிடமிருந்து பிரித்தமையே அம்முறையின் வெற்றிக்குக் காரணம் என்று முடிவுசெய்தல் கூடும். அது பொருத்தமானதன்று என்பதற்கு அதே காலப் பகுதியின் மற்றொரு மரபே சான்றாகும். இங்கிலாந்தின் நரிவேட்டைக் குழுக்கள், தம் வேட்டைநாய்க் குட்டிகளைப் பால்மறந்ததும் அயலிலுள்ள கமக்காரர் வீடுகளுக்கும் கிராமத்தார் வீடுகளுக்கும் வளர்க்க அனுப்பின. 1781 இல் வெளிவந்த பீற்றர் பெக்போட்டின் வேட்டை பற்றிய நூல் இவ்வழக்கத்தை நிலைபெற்ற ஒன்றாகவே கொண்டு பேசுகின்றது. அவ்வீடுகளிற் குட்டி வீட்டு நாய்களோடும் கோழிகளோடும் குழந்தைகளோடும் தடையின்றி வளர்ந்தது. வளர்ந்தபின் பெரும் நாய்க்கூட்டத்தில் ஒன்றாக ஓட வேண்டிய விலங்கு அது. பிற நாய்களோடு ஒத்துப்போகத் தெரியாத வேட்டைநாயாற் பயனில்லை. ஆதலின் மேய்ப்பன் தடுத்ததை வேட்டைக்காரன் விரும்பி நாடினான். குட்டி வளர்ந்தபின் யாரோடு வாழவேண்டுமோ அவரோடு இளமையில் அதனைச் சேர்த்தல் என்னும் ஒரே விதியின் இரு தோற்றங்களாகவே இவ்விரு மரபுகளையும் கொள்ளலாம்.

எனினும், குட்டிகளைப் பிற நாய்களோடு சேர்க்க அஞ்சியமைக்கு நியாயமான மற்றொரு காரணமும் இருந்தது. அது நோய். வளர்க்கக் கொடுத்த இடங்களிற் குட்டிகள் 'டிஸ்ரெம்பர்' என்னும் கொடிய தொற்றுநோயால் மடிந்தமை பற்றிப் பெக்போட்டே வருந்தி எழுதியுள்ளார். அந்நோய்க்கு எதிராக 1920களில் இங்கிலாந்தில் ஒரு நிதி திரட்டப்பட்டது. அதன் துணையோடு லெயிட்லோ, டன்கின் என்னும் இருவர் நடத்திய ஆய்வுகளின் பயனாக அத்தசாப்தத்தின் இறுதியில் தடுப்பு மருந்து கைகூடியது. ஆனால் 1978 இல் 'பார்வோ' என்னும் புதிய வைரசு தோன்றி உலகெங்கும் விரைந்து பரவியபோது பழைய அச்சம் புத்துயிர் பெற்றது. தடுப்பூசிகள் யாவும் முடியும்வரை குட்டியை எந்த நாயோடும் சேர்க்கலாகாது என்ற அறிவுரை பல இடங்களிலும் வழங்கலாயிற்று. உடலைக் காக்கும் இவ்வறிவுரை, உள்ளத்தை ஆக்கும் வாரங்களை விழுங்கிவிடுகின்றது என்பது பின்னரே உணரப்பட்டது. 2008 இல் அமெரிக்க விலங்கு நடத்தை மருத்துவர் சங்கம் வெளியிட்ட அறிக்கை, முதல் தடுப்பூசிக்கு ஏழு நாள்களின் பின், ஏழு எட்டு வார வயதிலேயே குட்டிகளைப் பிற குட்டிகளோடு பழகவிடத் தொடங்கலாம் என்று கூறியது. தடுப்பூசி பெற்ற, நோயற்ற வீட்டு நாயோடு பழகுதலும், வீதியில் எதிர்ப்படும் நாயோடு பழகுதலும் ஒன்றல்ல என்னும் வேறுபாடு இதனால் முதன்மை பெற்றது.

மேற்கூறிய வாரங்கள் ஏன் இத்துணை முக்கியமானவை என்பதை விளக்கியது இருபதாம் நூற்றாண்டின் ஆய்வுகளே. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்னும் பழமொழி உணர்த்தும் பொதுவுண்மையை, நாயைப் பொறுத்தவரை வாரக் கணக்கில் அளந்து காட்டியவர்கள் ஜோன் போல் ஸ்கொற், ஜோன் புல்லர் ஆகிய இருவருமாவர். அமெரிக்காவின் மெயின் மாநிலத்துப் பார் ஹாபரில் உள்ள ஜக்சன் ஆய்வுகூடத்திலே, 1940களின் நடுப்பகுதி தொடக்கம் ஐந்து வகை நாய்களை வைத்து அவர்கள் நீண்டகால ஆய்வொன்றை மேற்கொண்டனர். அதன் முடிவுகள் 1965 இல் நூலாக வெளிவந்தன. ஏறத்தாழ மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரையிலான காலமே குட்டி தன் உறவினர் யாவர் என்பதை உறுதிசெய்துகொள்ளும் பருவம் என்று அவர்கள் கண்டனர். இதனை உறவுகொள் பருவம் எனலாம்.

அதே ஆய்வுகூடத்திலிருந்து 1961 இற் பிறீட்மன், கிங், எலியற் ஆகியோர் வெளியிட்ட பரிசோதனை இதனை மேலும் உறுதிப்படுத்தியது. உயர்ந்த வேலியிட்ட வெளியொன்றிலே, மனிதரைக் காணாதவாறு, தாயோடும் உடன்பிறப்புக்களோடும் குட்டிகள் வளர்க்கப்பட்டன. அவற்றுட் சிலவற்றை 2, 3, 5, 7, 9 ஆகிய வார வயதுகளில் ஒவ்வொரு வாரகாலம் மட்டும் உள்ளே கொண்டுவந்து மனிதரோடு பழகவிட்டனர். சிலவற்றைப் பதினான்காம் வாரம் வரை தொடவேயில்லை. இறுதியிற் சொல்லப்பட்டவை காட்டு விலங்குகளைப் போன்று மனிதரைக் கண்டு வெருண்டன. பின்னர் பழக்க முயன்றும் பெரும் பயன் விளையவில்லை. அக்குட்டிகளுக்கு விளையாட்டுத் தோழர் இல்லாமலில்லை. உடன்பிறந்த நாய்கள் இருந்தன. ஆனால் நாய்களே அவற்றின் முழு உலகமாக இருந்தன. நாய்களோடு மட்டும் வளர்ந்த குட்டி நாய்களுக்கே உரியதாகின்றது என்னும் உண்மை இங்குத் தெளிவாயிற்று.

இதற்கு எதிர்ப்புறத்தை ஆராய்ந்தவர் மைக்கல் பொக்ஸ். 1969 இல் வெளியான அவரது ஆய்விற் சிவாவா இன நாய்க்குட்டிகள் மூன்று நான்கு வார வயதிலேயே தம் இனத்தாரிடமிருந்து பிரிக்கப்பட்டுப் பூனைக்குட்டிகளோடு வளர்க்கப்பட்டன. அவை பூனைகளோடு விளையாடவே விரும்பின; பிற நாய்க்குட்டிகளைக் கண்டு ஒதுங்கின. உருகுவே மேய்ப்பர் ஆட்டுப்பட்டியிற் கண்டதையே பொக்ஸ் ஆய்வுகூடத்திற் கண்டார் எனலாம். ஆனால் ஒன்று கூடுதலாகவும் கண்டார். அக்குட்டிகளைப் பின்னர் நாய்களோடு வாழவிட்டபோது, அவை சில வாரங்களுள் நாய்களோடு விளையாடக் கற்றுக்கொண்டன. இளமையில் மூடப்பட்ட கதவு முற்றாகத் தாழிடப்படுவதில்லை. அது மீண்டும் திறக்கப்படும் வாய்ப்பு, அப்பால் யார் காத்திருக்கின்றனர் என்பதிலும், எவ்வளவு காலம் கழிந்துவிட்டது என்பதிலும் தங்கியுள்ளது.

ஆய்வுகூடத்து உண்மைகள் மனித வாழ்வைத் தொட்ட களம் வழிகாட்டி நாய்ப் பயிற்சியாகும். முதலாம் உலகப் போரிற் கண்ணிழந்த படைவீரருக்காக 1916 இல் ஜேர்மனியின் ஓல்டன்பேர்க் நகரிலே முதலாவது வழிகாட்டி நாய்ப் பள்ளி தொடங்கியது. 1929 இல் அமெரிக்காவில் 'சீயிங் ஐ' நிறுவனமும், 1930களில் பிரித்தானியச் சங்கமும் தோன்றின. இந்நிறுவனங்கள் எதிர்கொண்ட பெருஞ்சிக்கல், பயிற்சிக்கு எடுத்த நாய்களுட் பல பயிற்சியை முடிக்க இயலாது தவறியமையாகும். கலிபோர்னியாவில் 1942 இல் நிறுவப்பட்ட வழிகாட்டி நாய் நிறுவனத்தில், 1946 அளவிற் பயிற்சி தொடங்கிய நாய்களுள் நூற்றுக்கு 9 மட்டுமே வழிகாட்டிகளாயின. கிளாரன்ஸ் பாவன்பேகர் என்பார் ஸ்கொற்றின் ஆலோசனையோடு குட்டித் தெரிவையும் வளர்ப்பையும் சீர்திருத்தினார். 1958 அளவில் அவ்வீதம் நூற்றுக்கு 90 ஆக உயர்ந்தது. இனத் தெரிவு, இளங்குட்டிச் சோதனை, வீட்டு வளர்ப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து தந்த விளைவு இது.

ஆயின் வீட்டு வளர்ப்பின் பங்கைத் தனித்து அளக்கும் வாய்ப்பும் அவர்களுக்குக் கிட்டியது. பன்னிரண்டு வாரம் வரை நாய்க்கூடத்திலே சோதிக்கப்பட்ட குட்டிகள் அதன்பின் குடும்பங்களிடம் வளர்க்க ஒப்படைக்கப்பட்டன. ஒப்படைக்கும் காலம் ஏதேதோ காரணங்களாற் சில குட்டிகளுக்குத் தாமதமாயிற்று. பாவன்பேகரும் ஸ்கொற்றும் 1959 இல் வெளியிட்ட கட்டுரை இத்தாமதத்தின் விளைவைக் காட்டுகின்றது. ஒரு வாரத்துள் வீடு சென்ற குட்டிகளுட் சுமார் நூற்றுக்கு 90 பின்னர் பயிற்சியில் தேறின. மூன்று வாரத்துக்கு மேல் நாய்க்கூடத்திலே தங்கியவற்றுட் சுமார் நூற்றுக்கு 30 மட்டுமே தேறின. அதே தாய் தந்தையர், அதே உணவு, அதே சோதனை. வேறுபட்டவை சில வாரங்களே. அச்சில வாரங்களிற் குட்டிக்குக் கிடைத்த தோழமை நாய்களின் தோழமை மட்டுமே.

பிரித்தானியாவில் 1956 இல் டெரெக் பிறீமன் இன்னொரு படி முன்சென்றார். குட்டிகளைப் பன்னிரண்டு வாரம் வரை காத்திராமல், ஆறு வார வயதளவிலேயே தொண்டர் குடும்பங்களிடம் கொடுக்கும் திட்டத்தை அவர் ஆரம்பித்தார். நரிவேட்டைக் குழுக்களின் வழக்கத்துக்கு இருந்த அதே பெயரே இத்திட்டத்துக்கும் வழங்கியது. செல்வர் வேட்டைக்கென உருவான வழக்கமொன்று பார்வையிழந்தோரின் நடமாட்டத்துக்கு உதவும் கருவியாக மாறியமை வரலாற்றின் விந்தைகளுள் ஒன்றாகும்.

தொண்டர் குடும்பங்களுட் பல ஏற்கெனவே நாய் வளர்ப்பனவாக இருத்தல் இயல்பு. எனவே கட்டுரைத் தொடக்கத்து வினா இங்கு நேரடியாகவே எழுகின்றது. வழிகாட்டி நாய் வீதியிலே வேறு நாய்களைக் கண்டு கலங்கவும் கூடாது. அவற்றை நாடி ஓடவும் கூடாது. நாய்களை ஒருபோதும் அறியாத குட்டி கலங்கும். நாய்களோடு மட்டும் ஆடித்திரிந்த குட்டி நாடி ஓடும். ஆகவே இரண்டுக்கும் நடுவே ஒரு வழி வேண்டப்பட்டது. நிதானமான முதிய வீட்டு நாயோடு அளவாக விளையாடிய குட்டி, கடியின் வலிமையை அடக்கவும், எதிர்நிற்கும் நாயின் குறிப்பறியவும், விலகு என்றால் விலகவும் பழகுகின்றது. விளையாட்டு நடுவே மனிதன் அழைக்கும்போது விட்டு வரப் பழகிய குட்டியே பின்னர் வீதியில் நாயைக் கண்டும் தன் வழியே நடக்கும். அதே வேளையில் நாயோடு ஏற்படும் உறவு யாவும் நன்மை தருவதன்று. 2016 இற் சேர்ப்பெல், டபி ஆகியோர் வழிகாட்டி நாய்க்குட்டிகள் பற்றி வெளியிட்ட ஆய்வு, வளர்ப்புக் காலத்தில் அறிமுகமற்ற நாயால் அச்சுறுத்தப்பட்ட குட்டிகளிற் பிற்கால அச்சம் மிகுந்திருத்தலைக் காட்டியது. விளையாட்டுத் தோழன் யார் என்பது, விளையாட்டு உண்டா இல்லையா என்பதினும் முதன்மையானது.

வழிகாட்டி நாய் வரலாறு சேர்க்கையின் பக்கம் சாய்கின்றது என்றால், மந்தைக் காவல் நாயின் அண்மைக்கால வரலாறு உருகுவே முறையை மீண்டும் பரிசோதிக்கின்றது. 1972 பெப்ரவரியில் அமெரிக்க ஜனாதிபதி நிக்சன், கூட்டாட்சி அரசின் நிலங்களில் ஊனுண் விலங்குகளை நஞ்சிட்டுக் கொல்வதைத் தடைசெய்து ஆணை பிறப்பித்தார். கொயோட்டிகளால் ஆடுகளை இழந்துகொண்டிருந்த பண்ணையாளர் மாற்றுவழி தேட வேண்டியவராயினர். 1970களின் பிற்பகுதியில் மாசசூசெற்ஸ் மாநிலத்து ஹாம்சயர் கல்லூரியிலே றேமண்ட் கொப்பிஞ்சரும் அவர் மனைவி லோர்னாவும் ஐரோப்பாவிலிருந்தும் துருக்கியிலிருந்தும் மந்தைக் காவல் நாய்களைக் கொணர்ந்து, அவற்றின் குட்டிகளைப் பண்ணைகளிற் சேர்த்து ஆராய்ந்தனர். ஆடுகளை விட்டு அகலாமை, ஆடுகளுக்குத் தீங்கு செய்யாமை, பகைவிலங்கை எதிர்த்தல் ஆகிய மூன்று பண்புகளையும் அவர்கள் அளவுகோலாகக் கொண்டனர். உறவுகொள் பருவத்திலே ஆடுகளோடு வாழாத குட்டியிடம் முதற்பண்பை எதிர்பார்த்தல் அரிது என்பது அவர்கள் கண்ட முடிபுகளுட் தலையாயது.

வீட்டு நாய்களோடு விளையாடி வளர்ந்த காவல்நாய்க் குட்டி, பட்டியில் அடைக்கப்பட்டதும் வேலி தாண்டி வீட்டு முற்றத்துக்கே ஓடிவரும். அதன் கூட்டம் அங்கேயே இருக்கின்றது. வாரோ கூறிய அம்பிரிய நாய்களின் கதை இங்கே சிறு அளவில் மீண்டும் நிகழ்கின்றது. ஆனால் தனித்து வளர்க்கப்பட்ட குட்டியிடமும் ஓர் இடர் உண்டு. ஐந்தாறு மாத வயதில் அதற்கு விளையாட்டு வேட்கை மிகும். ஆடவேறு தோழர் இல்லாதபோது ஆடுகளையே துரத்தும், மயிரைப் பிடித்து இழுக்கும், காதைக் கடிக்கும். விளையாட்டாகத் தொடங்கியது ஆட்டுக்குட்டிகளின் இறப்பில் முடிதலும் உண்டு. ஐரோப்பிய மேய்ச்சற் பாதைகளில் இவ்விடரைப் பெரும்பாலும் தீர்த்துவைத்தவை மந்தையோடு நடந்த முதிய காவல்நாய்களும், அத்துமீறலைப் பொறுக்காத முதிய ஆடுகளுமாகும். அங்குக் குட்டி நாய்களிடமிருந்து பிரிக்கப்படவில்லை. ஆட்டை நண்பனாகக் கொண்ட நாய்களின் நடுவே பிறந்து வளர்ந்தது. ஆகவே குட்டிக்கு விலக்கப்பட வேண்டியது நாயினம் அன்று. மந்தைக்குப் புறம்பான கூட்டமேயாகும்.

இதனை இனச்சிறப்பு என்று கொள்ளவும் இடமில்லை. வட அமெரிக்காவின் நவஹோ மக்கள், எவ்வகை இனப்பெருமையுமற்ற கலப்பின நாய்களையே மந்தைக் காவலுக்கு வைத்திருந்தனர் என்பதை ஹால் பிளாக் 1980களில் எழுதிய கட்டுரைகள் எடுத்துக்காட்டின. நான்கைந்து வார வயதிற் குட்டியை ஆட்டுப்பட்டியில் விடுதலும், மனிதர் அதனோடு அதிகம் கொஞ்சிக் குலாவாமையும் அவர்களது முறையின் அடிப்படைகள். நமீபியாவில் 1994 முதல் சிவிங்கிப்புலிகளைக் காப்பதற்கென நடைபெறும் திட்டமும் அதே நெறியையே பின்பற்றுகின்றது. துருக்கிய இனக் காவல்நாய்க் குட்டிகள் இளமையிலேயே ஆட்டு மந்தைகளுடன் சேர்க்கப்படுகின்றன. நாய் காவல் நின்றால் ஆடு பிழைக்கும். ஆடு பிழைத்தால் சிவிங்கிப்புலி சுடப்படுவது குறையும். ஒரு குட்டி யாரோடு விளையாடுகின்றது என்பதிலே மூன்று உயிரினங்களின் வாழ்வு தங்கியிருக்கின்றது.

இதுகாறும் நோக்கியவற்றைத் தொகுத்துக் காணின், முரண்பாடாகத் தோன்றிய விடைகளுக்குள் ஓர் ஒழுங்கு புலப்படும். வேட்டைநாய்க் குட்டிக்கு நாய்க்கூட்டமே எதிர்கால உலகம். ஆதலின் அதனை நாய்களோடு விட்டனர். காவல்நாய்க் குட்டிக்கு மந்தையே உலகம். ஆதலின் அதனை மந்தையோடு விட்டனர். வழிகாட்டி நாய்க் குட்டிக்கு மனித வீதியே உலகம். அவ்வீதியில் நாய்களும் உள. ஆதலின் மனிதரை முதலாகவும் நாய்களை அளவாகவும் அதற்கு அறிமுகஞ் செய்கின்றனர். மூன்றிலும் வெற்றி தந்தது சேர்க்கை. பிரிவு அச்சேர்க்கைக்கு இடமளிக்கும் அளவுக்கே பயன்பட்டது. சேர்க்கையின்றிப் பிரிவை மட்டும் கடைப்பிடித்த இடங்களில், அதாவது கூடத்தில் அடைபட்டுக் கிடந்த குட்டிகளிடத்தில், விளைந்தது தோல்வியே. "பிற நாய்களோடு சேர்க்காதே" என்னும் பழைய விதியைக் காரணமறியாது பின்பற்றியோர் தவறிய இடம் இதுவே. உருகுவே மேய்ப்பனிடமிருந்து அவர்கள் விலக்கைக் கற்றனர். ஆட்டுப்பாலையும் ஆட்டுமயிர்ப் படுக்கையையும் மறந்தனர்.

இறுதியாக, இவ்வினாவுக்கு அறஞ்சார்ந்த ஒரு பக்கமும் உண்டு. குட்டியின் கூட்டத்தைத் தெரிவுசெய்வது குட்டியன்று, மனிதனே. அவன் தன் தேவைக்காகச் சில வாரங்களிற் செய்யும் தெரிவு அவ்விலங்கின் ஆயுள் முழுவதற்கும் உரிய தீர்ப்பாகின்றது. டார்வின் கண்ட நாய் தன் இனத்தார் நடுவே அந்நியனாய் இறைச்சியைக் கவ்விக்கொண்டு ஓடியது. இன்றைய வழிகாட்டி நாயோ, ஏறத்தாழ ஓராண்டு தன்னோடு விளையாடிய வீட்டு நாயையும் வளர்த்த குடும்பத்தையும் பிரிந்து பயிற்சிக்குச் செல்கின்றது. பணியின் பொருட்டு இத்தகைய பிரிவுகள் தவிர்க்கவியலாதன ஆகலாம். ஆனால் ஒரு கூட்டத்திலிருந்து குட்டியைப் பிரிப்போர் அதற்கு வேறொரு கூட்டத்தைக் கொடுக்கக் கடமைப்பட்டவர் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் பாடம். அம்முற்றத்து அந்நியனுக்கு மந்தை இருந்தது. அங்கே சென்று அது திரும்பி நின்று குரைத்தது. திரும்பி நிற்க ஓரிடமும் இல்லாதவாறு எந்தக் குட்டியும் வளர்க்கப்படலாகாது.